முந்தின மாடல்

காலை ஆறரைக்குக் குணாளன் பெரிய பிக்கப் வண்டியை ஸ்டார்ட் செய்தான். கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் காத்திருந்து இஞ்சினை அணைத்தான். நான்கு மாதமாக இப்படித்தான். அதன்பின் மோட்டார்சைக்கிளில் வேலைக்குப் போய்விடுவான்.

இன்று மட்டும் போகவில்லை. வண்டியை வாங்குவதற்காகச் செடெனாக்கிலிருந்து மெக்கானிக் கிரகோரி, மாசாயில் இருந்த அவன் வீட்டுக்கு வந்திருந்தார்.

"ஓட்டாத வண்டிக்கு எதுக்கு தம்பி தினமும் பூஜை?"

"டீசல் வண்டிண்ணே. அஞ்சு நிமிஷம் சூடாகாம எடுத்தா இஞ்சின் போயிடும்னு அப்பா சொல்லிக் குடுத்தாரு."

"அவரு எத ஓட்டினாரு?"

"இதேதான். முந்தின மாடல்."

கிரகோரி சிரித்துவிட்டார். "அலமாக்! அதுக்குத்தான்லா சூடாக்கணும். இந்த மாடல்ல இஞ்சினையே மாத்திட்டாங்க. சாவியத் திருப்பினதும் கிளம்பலாம். நம்பி ஏறலாம், நடுவழியில விடாது. இதப் போயி ஏன் விக்கிற?"

"உடனே எடுத்தாலும் ஒன்னும் ஆகாதாண்ணே?"

"ஒன்னுமே ஆகாது."

குணாளன் சாவியை அவர் கையில் வைத்தான்.

அஞ்சு நிமிடம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்றுதான் நான்கு மாதத்துக்கு முன் டாக்டர் சொன்னார். வெறும் நெஞ்செரிச்சல் என்றே அவனும் மனைவி பிரேமலாவும் நினைத்திருந்தார்கள். பக்கத்து இருக்கையில் அவள் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். வண்டியை எடுக்கப் போன அவன் கையை அவள்தான் பிடித்து நிறுத்தினாள்.

"பதறாதீங்க, இஞ்சின் சூடாகட்டும்."