சுரண்டிய நட்சத்திரம்

ஜப்பானிய அதிகாரி நீட்டிய கைக்கடிகாரம் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கடிகாரம் பழுதுபார்க்கும் ஷம்சுதீன் அதைக் காதில் வைத்துப் பார்த்தான், மூடியைத் திறந்தும் பார்த்தான். ஒரு பழுதும் இல்லை. நன்றாகவே ஓடுகிறது துவான் என்று மலாயில் சொன்னான்.

அதிகாரி தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வாசலில் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். அவர் பார்வை மேசையின் முகப்புப் பலகையில் போய் நின்றது. அங்கே முன்பு ஒரு பச்சை நட்சத்திரம் இருந்தது. ஷம்சுதீன் அதைச் சுரண்டி எடுத்து ஒன்றரை வருஷமாகிறது. ஐந்து முனைகளின் தடம் மட்டும் போகவில்லை.

திட்டுகிற தோரணையில் அதிகாரி பேசத் தொடங்கினார். ஆனால் வாயில் வந்த மொழி ஜப்பானியம் அல்ல, எஸ்பெராந்தோ.

"நாளை விடிந்ததும் இந்தக் காஜா பேராங்குக்கு லாரிகள் வரும். ஆண்களைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப் போவார்கள். இன்றே போய்விடு."

ஷம்சுதீனுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல், உலகத்தார் எல்லோரும் பேசிக்கொள்வதற்கென்றே ஒரு கண் வைத்தியர் உட்கார்ந்து உண்டாக்கிய மொழி அது. பச்சை நட்சத்திரம்தான் அதன் அடையாளம். சண்டைக்கு முன்னால் தபாலில் பாடப் புத்தகம் வரவழைத்துப் படித்து, ஒசாகாவுக்கும் வியன்னாவுக்கும் கடிதம் எழுதியவன் அவன். பதில் வந்தால் வீடே கேட்கும்படி வாசிப்பான். "ஊரே இல்லாத பாஷைக்கு ஸ்டாம்பு செலவு வேற" என்று மனைவி அஸ்மா கேலி செய்வாள். ஜப்பானியர் வந்த வாரம் அத்தனை கடிதங்களையும் அடுப்பில் போட்டவளும் அவள்தான். வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதினவனெல்லாம் ஒற்றன் என்பது அவர்கள் எண்ணம்.

இது வலையா? போன மாதம் உஜோங் பாசிரில் ஒரு ராணுவக்காரன் தேவதாஸ் வாத்தியாரிடம், சண்டை எப்படிப் போகிறது என்று ஆங்கிலத்தில் நைசாக விசாரித்தான். பதில் சொன்ன வாத்தியார் இன்னும் வீடு திரும்பவில்லை.

முகத்தை மரக்கட்டையாக வைத்துக்கொண்டு, புரியவில்லை துவான் என்றான் ஷம்சுதீன்.

அதிகாரி அதையே திரும்பச் சொன்னார். இந்தத் தடவை இன்னும் நிதானமாக, இன்னும் உரக்க. திரைக்குப் பின்னால் கடகடத்துக்கொண்டிருந்த அஸ்மாவின் தையல் மெஷின் சட்டென்று நின்றது. பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்தான்.

கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டு அதிகாரி வெளியேறினார். தொப்பி மேசையிலேயே கிடந்தது. ஷம்சுதீன் தடுப்பதற்குள் அஸ்மா திரையை விலக்கி வந்து அதை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

சிப்பாய்கள் முன்னே போய்விட்டிருந்தார்கள். அவள் இரண்டு கையாலும் தொப்பியை நீட்டி, அவர்கள் போட்ட சட்டப்படி இடுப்பு வளையக் குனிந்தாள். அதிகாரியும் குனிந்தார், அவளைவிடத் தாழ்வாக. பொம்பளையிடம் என்ன நையாண்டி என்று ஷம்சுதீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று பகல் முழுக்க அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரே சுவர்க்கடிகாரத்தை மூன்று தடவை பிரித்தான், மூன்று தடவையும் தப்பாகப் பூட்டினான். அதிகாரி சொன்னது உண்மையென்றால், விடிந்தால் சயாம். போனவர்கள் யாரும் திரும்பியதாகக் கேள்வியில்லை. வலையென்றால், மூட்டையோடு தெருவில் கால் வைத்ததுமே, எனக்கு அந்த மொழி தெரியும் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டது. அதற்குமேல் தனியாகச் சுமக்க முடியாமல், அவளிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்து உள்ளே போனான்.

அஸ்மா கட்டிய மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். அவன் கைலி, கொஞ்சம் அரிசி, மரவள்ளிமாவு, எல்லாம் அதற்குள்ளே.

"புக்கிட் காதில் ஊர்ல எங்க மாமா வீடு இருக்கு. அங்கேருந்து காட்டுப்பக்கம் போயிடலாம். வெளிச்சம் இருக்கறப்பவே கெளம்புங்க, மச்சான்."

"உனக்கு யார் சொன்னா?"

"அவர்தான் சொன்னாரே, ரெண்டு தடவை. நாலு வருஷமா நீங்க கத்திக் கத்திப் படிச்சீங்க. நான் என்ன காதுல பஞ்சா வச்சிருந்தேன்?"

ஷம்சுதீன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அது வலையா இருந்தா, அஸ்மா?"

அவள் மூட்டையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

"வலைன்னா என்னை அங்கேயே பிடிச்சிருப்பாரு மச்சான், தொப்பிய குடுக்கறப்ப அந்த பாஷையிலதானே நன்றி சொன்னேன்."