காலி என்ற குரல்

சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், ஷரஃபுதீனின் ரிப்பேர் கடை மேசையில் மதிய வெயில் விழுகிறது. மைக்ரோவேவ் அடுப்பின் கெப்பாசிட்டரை அறுத்து, எண்ணெய் பிசுபிசுக்கும் சுருளை அவர் முழம் முழமாகப் பிரிக்கிறார். எதிரே ஜானகி. இதே கடையில் வேலை பார்த்த அவள் புருஷன் தணிகாசலம் போன வாரம் இந்த அடுப்பில் கைவைத்துத்தான் செத்தான். குடித்துவிட்டுத் தொட்டிருப்பான் என்கிறது தெரு. "பிளக்கப் புடுங்கினப்புறம் கரண்டு எங்க பாய் கீது?" என்கிறாள். "இதுலதாம்மா. ரெண்டு தகடு, நடுவுல ஒரு தாள். தகடு அகலமா இருந்தா நெறைய தங்கும். தாளு மெல்லிசா, தகடு ரெண்டும் கிட்டக்க இருந்தா இன்னும் தங்கும். தாளோட ரகமும் பாக்கணும். அதுல ரெண்டாயிரம் வோல்ட்டு ஏத்தி வெச்சா ஆளையே தூக்கிடும்." அவள் அந்தத் தாளை விரலிடுக்கில் தேய்க்கிறாள். "இம்மாந்தூண்டு தாளா." இந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு, பாருங்கள். பிளக்கைப் பிடுங்குகிறவரே ஸ்க்ரூடிரைவரால் கெப்பாசிட்டரின் இரு முனைகளையும் சேர்த்துத் தொட்டு, பொறி தெறித்ததும் "காலி" என்று குரல் கொடுக்க வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் மற்றவர் கைவைப்பார். ஜானகிக்கும் அது தெரியும். "அன்னிக்குப் புடுங்கினது யாரு பாய்?" மேலே மின்விசிறி கிறீச்சிடுகிறது. "நான்தாம்மா. போன் வந்துச்சு. தொடாமலே காலின்னுட்டேன்." அவள் அழவில்லை. தாளை மெல்ல மேசையில் வைக்கிறாள். "அப்ப எம் புருஷன் குடிச்சிட்டுத் தொடல." எழுந்து வாசலுக்குப் போகிறாள். "வா பாய். தெருவுல வந்து சொல்லு." ஷரஃபுதீன் எண்ணெய்க் கையை லுங்கியில் துடைக்கிறார், மறுபடியும் துடைக்கிறார். அவள் வெயிலில் நின்றுகொண்டிருக்கிறாள்.