லடாக் வாளி

கீழ்வேளூர் தாண்டியதும் சாலை முழுக்கக் காய்ந்த செடிகள் பரப்பிக் கிடந்தன. சென்னையிலிருந்து ஊர் சுற்ற வந்த ஐந்து பைக்குகளும் தயங்கி நின்றன.

மரத்தடியில் உட்கார்ந்திருந்த செவ்வந்தி எழுந்து வந்தாள். ஒவ்வொரு பைக்கின் இரண்டு பக்கமும் பெயிண்ட் வாளிகள் தொங்குவதைப் பார்த்தாள்.

“என்ன தம்பி, வாளியெல்லாம் கட்டியிருக்கீங்க?”

“சாமான் வைக்கிற பெட்டிக்கா. கடையில கொள்ளை விலை சொல்றான். அதான் நாங்களே செஞ்சுட்டோம்” என்றான் தமிழ்மாறன். “லடாக் வரைக்கும் தாங்கும்.”

“லடாக்கு கிடக்கட்டும். இந்தச் செடி மேல வழுக்காம போயிட்டு வந்துருவீங்களா?”

கேட்க வேண்டுமா! ஐந்து பேரும் சீறிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார்கள்.

“ஒரு தடவை யாரு வேணா போகலாம்” என்றாள் செவ்வந்தி.

மறுபடி போனார்கள்.

“ஓரமாவே போறீங்களே, நடுவுல போக பயமா?”

நடுவிலும் போனார்கள். இர்ஃபான் சறுக்கி விழுந்தான். மற்ற நால்வரும் ஓடிப்போய்த் தூக்கினார்கள். கழன்று ஆடிய அவன் வாளியைத் தமிழ்மாறன் தன் பெல்ட்டை உருவிக் கட்டினான்.

“விடக்கூடாதுடா மச்சான்!”

வெயில் இறங்கும்வரை விடவில்லை. கடைசியில் வியர்த்து வழிய வந்து நின்றார்கள்.

“இப்ப என்னக்கா சொல்றீங்க?”

செவ்வந்தி குனிந்து ஒரு செடியை எடுத்து உதறிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

“அண்ணே, நாளைக்கு டிராக்டர் வேணாம். உளுந்து மொத்தமும் உதிர்ந்துருச்சு.”

போனை இடுப்பில் செருகிக்கொண்டு தமிழ்மாறனிடம் திரும்பினாள்.

“அந்த வாளியைக் கழட்டுங்க தம்பி. அள்ளணும்ல?”