சிறப்பு ழகரம்

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, கைப்பேசியில் கத்தினாள் நர்ஸம்மா: "எளுந்திருங்கள்! பூமி அளியப்போகிறது!"

பழைய விஞ்ஞானக் கதை ஒன்றைப் பார்வையற்றவர்களுக்காக ஒலிநூலாக்கும் தன்னார்வலர் குழுவில், இவளுக்கு விண்கலத் தலைவி வேடம். பதிவை அனுப்பிய கையோடு ஒருங்கிணைப்பாளரின் செய்தி வந்து விழுந்தது: "ழகரம் சரியில்லை. மறுபடி."

ஒரு வாரமாக இதே பாட்டு.

"பூமியே போகப்போகுது, இப்ப ழகரம் ஒண்ணுதான் குறைச்சலா?" என்றான் கணவன், போர்வைக்கு வெளியே இருந்து.

"சும்மா இருங்க. அவர் பெரிய தமிளறிஞராம்." நாக்கு சுளுக்கும்வரை படித்து அனுப்பினாள்.

கடைசியில் வந்தது தீர்ப்பு: "உங்கள் வேடத்தைக் கணினிக் குரலுக்குக் கொடுத்துவிட்டேன். அதற்கு ழகரம் வருகிறது. நீங்கள் இயந்திர மனிதனைப் படியுங்கள். இயந்திரத்துக்குத் தமிழ் வராவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை."

வெளியீட்டு விழா இணையத்தில் நடந்தது. ஒருங்கிணைப்பாளரின் குரலை எல்லோரும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். நம்ம உலைப்பு வீண்போகலை. தமில் வால்க!"

கணவன் போர்வையை வாயில் திணித்துக்கொண்டான்.

நர்ஸம்மா கைப்பேசியை எடுத்து நிதானமாகத் தட்டினாள்: "ழகரம் சரியில்லை. மறுபடி."