பார்த்த சாட்சி

துரோகி வீட்டுப் படியை ஏற வேண்டியிருக்கும் என்று வேதநாயகி நினைத்ததே இல்லை.

பெங்களூர் ஜீவனஹள்ளியில், தான் வைத்திருந்த ஏசி ரிப்பேர் கடைக்கு மேல் மாடியிலேயே குடியிருந்தான் டிரேவர். கதவைத் திறந்தவன் அவளைப் பார்த்ததும், மடித்துக் கட்டியிருந்த லுங்கியை அவசரமாக இறக்கிவிட்டான்.

"உள்ள வாங்க ஆன்ட்டி."

"உன் வீட்டுக்குள்ள கால் வைக்கமாட்டேன். இங்கேயே சொல்லிட்டுப் போயிடறேன்."

அவளுக்கு ஸ்டான்லி, ஜெனிஃபர் என்று இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஸ்டான்லியும் இவனும் சின்ன வயதிலிருந்தே சிநேகம். ஹோட்டல் வாசலில் பைக் நிறுத்துகிற தகராறில், ஒரு பில்டரின் மகன் தருண், ஸ்டான்லியைக் கத்தியால் குத்தியபோது பக்கத்தில் நின்றவன் இவன் ஒருவன்தான். ரத்தம் வழிய வழிய ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவனும் இவன்தான். ஸ்டான்லி பிழைக்கவில்லை.

போலீஸில் தருண் பெயரைச் சொன்னான். கோர்ட்டில் கூண்டேறியதும், "இருட்டா இருந்தது, குத்தினது யாருன்னு பார்க்கல" என்றான். தருண் விடுதலையாகி, காரில் ஏறிப் போய்விட்டான்.

சாட்சி சொல்லிவிட்டு வந்த இவனை, கோர்ட் வராந்தாவில் அத்தனை பேர் எதிரிலும் வேதநாயகியின் புருஷன் ஆசீர்வாதம் ஓங்கி அறைந்தார். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான்.

"தருண் மேல நஷ்டஈடு கேஸ் போடப்போறேன்" என்றாள். "கொலைக் கேஸ்ல தப்பிச்சாலும் இதுல பிடிக்கலாம்னு வக்கீலம்மா சொல்றாங்க. அங்க துளி சந்தேகம் இருந்தாலும் விட்டுடுவாங்களாம். இங்க எது நம்பும்படியா இருக்குன்னு பார்ப்பாங்களாம். ஆனா பார்த்தவன் வந்து சொல்லணும்."

டிரேவர் கீழே கடைப் பக்கம் பார்வையைத் திருப்பினான்.

"காசுக்குன்னு நினைக்காதே. எங்க மர்பி டவுன் பூரா அப்படித்தான் பேசுது, பெத்தவளே பிள்ளை ரத்தத்தை விலை பேசறான்னு. எங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொல்லி வேணாங்கறார். எனக்கு ஒரு பைசா வேணாம்டா. அவன்தான் கொன்னான்னு ஒரு ஜட்ஜ் வாயால வரணும். அவ்வளவுதான்."

"இப்ப மாத்திச் சொன்னா, முன்னாடி சொன்னது பொய்னு ஆயிடும் ஆன்ட்டி. என்னைத்தான் உள்ள வைப்பாங்க."

"வைக்கட்டுமே! எவ்வளவு வாங்கின அவங்ககிட்ட? சொல்லு! என் கையால சோறு தின்னவன்தானே நீ? அந்த நன்றிகூட..."

எதிர்வீட்டுக் கதவு திறந்து, மறுபடி மூடிக்கொண்டது.

"ஜெயிலுக்கு நான் பயப்படல" என்றான் டிரேவர் மெதுவாக. "அங்கிளும் நீங்களும் சேர்ந்து வான்னு சொல்லுங்க. வர்றேன்."

"அவர் எதுக்குச் சொல்லணும்? உன் பேரைக் கேட்டாலே காறித் துப்பறார்."

அவன் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார் ஆன்ட்டி."

"யாரு?"

"அங்கிள்தான். நான் சாட்சி சொல்றதுக்கு முன்னாடி கடைக்கு வந்தார். ஜெனிஃபர் காலேஜுக்கு பஸ் ஏறுற இடத்துல யாரோ நின்னு அவளை போட்டோ எடுத்து, அவருக்கே அனுப்பியிருக்காங்க. 'ஒண்ணு போயிடுச்சு, இன்னொண்ணையும் கேக்கறாங்கடா'ன்னு என் காலைப் பிடிச்சுட்டார். கஸ்டமருங்க நிக்கறாங்க ஆன்ட்டி, அதைக்கூடப் பார்க்கல."

"போலீஸுக்குப் போயிருக்கலாமே!"

"சொன்னேன். போய்ட்டு வர்றதுக்குள்ள அவளை என்ன வேணா பண்ணிடுவாங்கன்னு அழுதார். உங்களுக்குத் தெரிஞ்சா கேஸை விடமாட்டீங்களாம். அதான் சொல்லலை."

"பொய் சொல்லாதே. எல்லார் முன்னாடியும் உன்னை அறைஞ்சது அவர்தானே?"

"அறையாம விட்டிருந்தா உங்களுக்கு சந்தேகம் வந்திருக்கும்."

வேதநாயகி படியிறங்கத் திரும்பினாள்.

"தருண் இப்பவும் வெளியிலதான் சுத்தறான்" என்றான் டிரேவர். "யோசிச்சுச் சொல்லுங்க. எப்ப கூப்பிட்டாலும் வர்றேன்."

எப்படி மர்பி டவுன் வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டில் ஜெனிஃபர் ஈரத் தலையைத் துவட்டியபடி போனில் யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டாள்.

"எங்கம்மா போயிருந்த?"

"டிரேவர் வீட்டுக்கு."

ஆசீர்வாதம் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"அவன்கிட்ட போய் ஏம்மா நின்ன? என்ன சொன்னான்?" என்றாள் ஜெனிஃபர்.

வேதநாயகி புருஷனைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்தாள். அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வரமாட்டேன்னுட்டான். வக்கீலம்மாகிட்ட கேஸ் வேணாம்னு சொல்லிடப்போறேன்."

ஏன் என்று ஆசீர்வாதம் கேட்கவில்லை.

"காசுக்கு அண்ணனையே வித்தவன்மா அவன்" என்று பல்லைக் கடித்தாள் ஜெனிஃபர். "நல்லாவே இருக்கமாட்டான்."

"ஆமாண்டி" என்றாள் வேதநாயகி. "இருக்கமாட்டான்."