மருந்தடிக்கிறவன்

“அக்கா, உங்க சங்கத்து ஆளே வயல்ல மருந்து அடிச்சிட்டிருக்கான். போய்ப் பாருங்க!”

பால்காரர் சைக்கிளை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் பனிக்குள் கரைந்துபோனார். மணிச்சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது.

மைக் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பூச்சிமருந்து வேண்டாம், மரபணு மாற்றின விதை வேண்டாம் என்று கைமைக்கைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே மறந்துபோயிருக்கும்.

“வேற யாரு, அந்த வாயில்லாப்பூச்சிதான்,” என்றார் அவள் கணவர், போர்வைக்குள்ளிருந்தே. “கடுகு வயல்காரன். மருந்தடிக்க மாட்டேன்னு கூட்டத்துல கையைத் தூக்கினானே ஒழிய, ஒரு தடவையாவது வாயைத் திறந்தானா?”

“நாளைக்குக் கம்பெனிக்காரங்க விதை மூட்டையோட வர்றாங்க. ‘உங்க ஆளாலயே மருந்தில்லாம பயிர் பண்ண முடியல. எங்க விதையைப் போடுங்க, புழுவே அண்டாது’ன்னு ஆரம்பிப்பாங்க. நம்ம மானம் கப்பலேறிடும்!”

“என்ன பண்ணப் போறே?”

“ஊரே கேக்கிற மாதிரி கேள்வி கேக்கப் போறேன். சங்கத்தைவிட்டே தூக்கறேன்.”

மைக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வெளியே, உலகத்தையே யாரோ பாலில் முக்கி வைத்த மாதிரி இருந்தது. பாதை காலடியில் மட்டும் இருந்தது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

கேட்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தவள், கடுகு வயல் வந்ததும் எதற்கு வந்தோம் என்பதையே ஒரு நிமிஷம் மறந்து நின்றாள். வயல் பூத்திருந்தது. வெளிச்சம் மேலேயிருந்து வராமல் அந்த மஞ்சளிலிருந்தே வருகிற மாதிரி இருந்தது.

மஞ்சளுக்கு மேலே, இடுப்புவரைக்கும் ஒரு ஆள் மிதந்து போனான். முதுகில் டேங்க். கையில் குழாய். குழாயிலிருந்து கிளம்பின புகை எது, பனி எது என்று பிரிக்க முடியவில்லை. மோட்டார், தூக்கத்தில் முனகுகிற மாதிரி முனகிக்கொண்டிருந்தது.

அவளுக்குச் சுருக்கென்றது. மைக்கைத் தட்டினாள்.

“ஏம்ப்பா, உனக்கு மனசாட்சியே இல்லையா?”

குரல் வயல் முழுக்கப் பரவி, எங்கோ முட்டி, அவளிடமே திரும்பி வந்தது.

அவன் செடிகளை விலக்கிக்கொண்டு ஓடிவந்தான். உதட்டில் விரல்.

“அக்கா, மைக்கை அணைச்சிடுங்கக்கா. அண்ணன் பயந்துடுவார்.”

அவன் பேசி அவள் கேட்பது அதுதான் முதல் தடவை.

“அண்ணனை எதுக்கு இழுக்கறே? மருந்து அடிச்சியா இல்லையா, அதைச் சொல்லு.”

காற்று சட்டென்று திசை மாறியது. குழாய்ச் சாரல் அவள் முகத்தில் வந்து படிந்தது. பதறிப்போய் மூக்கைப் பொத்தினாள். பொத்தின கை தானாகவே இறங்கியது.

நெடியே இல்லை. நனைந்த பூ ஒன்றில் ஒரு தேனீ சாவகாசமாக வந்து உட்கார்ந்தது.

“தண்ணிக்கா. வெறும் தண்ணி,” என்றவன் மோட்டாரை நிறுத்தினான்.

“தண்ணியையா மருந்து மாதிரி அடிக்கிறே? யாரை ஏமாத்த?”

அவன் வயலோரமாகக் கையைக் காட்டினான். அங்கே ஒரு நாற்காலி. அதில் போர்வை போர்த்திய ஓர் உருவம்.

அவனுடைய அண்ணன். ஒரு காலத்தில் சுற்றுவட்டாரம் முழுக்க மருந்தடித்தவர். அடித்துக்கொண்டிருக்கும்போதே வயலில் சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து உயிர் திரும்பி வந்தது; நினைவு பாதி வழியில் எங்கோ நின்றுவிட்டது. அந்தக் கதையைச் சொல்லித்தான் மைக் அக்கா மேடைக்கு மேடை கூட்டத்தை அழ வைப்பாள்.

“பயிர் பூத்தா போதும்க்கா. புழு வந்துடுச்சு, எல்லாம் போச்சுன்னு எழுந்து ஓடுறார். டேங்கைக் குடு, நானே அடிக்கிறேன்னு அழறார். இந்த மோட்டார் சத்தம் கேட்டாத்தான் அடங்கறார். அப்புறம்தான் ரெண்டு வாய் சாப்பாடு இறங்குது.”

“இதைச் சங்கத்துல சொல்லியிருக்கலாமே! ஆளாளுக்கு உன்னை என்னவெல்லாம் பேசறாங்க தெரியுமா?”

“என்னைத்தானே பேசறாங்க.” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “நீங்க அண்ணனைப் பத்தி அவ்வளவு நல்லா பேசறீங்க. அவர் இன்னும் மருந்தைத்தான் நம்பிட்டிருக்கார்னு வெளியில தெரிஞ்சா, உங்க பேச்சு எடுபடாம போயிடுமோன்னு...”

மைக்கைக் கழற்றி வரப்பில் வைத்தாள்.

“டேய், ஏண்டா நிறுத்திட்டே?” நாற்காலியிலிருந்து குரல் நடுங்கியது.

“தோ, அடிக்கிறேன்ணே!”

தம்பி மறுபடி மஞ்சளுக்குள் இறங்கினான். மோட்டார் முனகத் தொடங்கியதும் அண்ணன் முகம் மெல்ல இளகியது. தூங்கப்போகிற குழந்தையின் முகம்.

மைக் அக்கா போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். நழுவியிருந்த போர்வையை இழுத்துவிட்டாள்.

“அண்ணே, என்னைத் தெரியலையா? போற ஊர்லயெல்லாம் உங்களைப் பத்திப் பேசறேனே, அது நான்தான்.”

பனிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிற மாதிரி அவர் அவளை வெகுநேரம் பார்த்தார்.

“எப்படிம்மா தெரியும்? நீ இங்க வந்ததே இல்லையே.”