ஏழாற்று நாட்டுக் குறிப்புகள்

ஸ்ரீதேவிக்கு வைத்த காபி ஆறி, மேலே ஆடை படர்ந்துவிட்டது. அவள் தொடவே இல்லை.

நாலு எழுத்து படித்ததும் வந்த மிடுக்கு என்று தனபால் மனசுக்குள் கசந்தார். அவர் தோப்பில் வேலை பார்க்கும் சின்னானின் மகள். சேலத்தில் கம்ப்யூட்டர் வேலை. நடு ஹாலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார். அவருடைய அப்பா காலத்தில் இது நடக்குமா?

ஆனால் காரியம் அவருக்கு ஆகவேண்டியிருந்தது. எட்டு வருசமாக அவர் மனசில் கட்டிய ஏழாற்று நாடு, போனில் குறிப்பெழுதும் ஆப்புக்குள் முந்நூற்றுச் சொச்சம் துண்டுகளாகக் கலைந்து கிடந்தது. திங்கட்கிழமைக்குள் பதிப்பகத்துக்கு நாவலின் சுருக்கம் போயாக வேண்டும். ஒன்றைத் தேடினால் வேறொன்று வந்து நின்றது.

ஸ்ரீதேவி எல்லாவற்றையும் லேப்டாப்பில் திறந்தாள். முதலில் ரெண்டு ஃபோல்டர் போதும் என்றாள். அவர் கண்ணால் பார்த்து எழுதியதெல்லாம் 'நடப்பு'. மனசில் தோன்றியதெல்லாம் 'கற்பனை'. ஒவ்வொன்றாய் அவள் படிக்க, அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

"கோடையிலயும் வத்தாத ஏழு ஆறுங்க?"

"கற்பனை. இங்க ஆயிரம் அடி போர் போட்டாலும் புழுதிதான வருது, அம்மிணி."

"கெணத்து மேட்டுல மயிலு முட்டை வெச்சதுங்க?"

"நடப்பு. நம்ம காட்டுலதான்."

உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி மைதிலி, காபி குடிக்கலையா கண்ணு என்று கேட்டாள். இருக்கட்டுங்கம்மா என்றாள் ஸ்ரீதேவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்த குறிப்புக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு நிதானமாக வாசித்தாள்.

"ஏழாற்று நாட்டில் யார் வீட்டுக்கு யார் போனாலும், வீட்டுக்காரர் குடிக்கும் டம்ளரில்தான் வந்தவருக்கும்."

தனபால் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுதான் அம்மிணி நாவலுக்கே உசுரு. எடம் பார்த்து வை."

கடைசி வாய் காபியைக் குடித்துவிட்டு, எவர்சில்வர் டம்ளரை மேசைமேல் வைத்தார். அதன் பக்கத்தில் ஸ்ரீதேவியின் காபி இருந்தது, தோப்பு ஆட்களுக்கென்று மைதிலி வாசல் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் பேப்பர் கப்பில்.

ஸ்ரீதேவி ரெண்டையும் பார்த்தாள். குரல் கொஞ்சமும் மாறாமல் கேட்டாள்.

"இது எதுலங்க ஐயா? நடப்புலயா, கற்பனைலயா?"